ஓரறை வீடும் ஒழுக்கமும்

இலஞ்சியில் சாரல் தொடங்கிவிட்டால், திண்ணையில் படுப்போரும் உள்ளே ஒதுங்கியாக வேண்டும். ஓரறை வீட்டின் நெருக்கடி அப்போதுதான் முழுமையாகப் புலப்படும்.

நம் நாட்டில் குடும்பங்கள் சிறுத்து வருகின்றன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, உத்தரப்பிரதேசத்தில் ஒரு குடும்பத்திற்குச் சராசரியாக அறுவர். தமிழகத்திலோ நால்வருக்கும் சற்றுக் குறைவு. ஆயினும் இடம் பெருகியதா? 2001இல் நாடெங்கும் நூற்றுக்கு 38.5 குடும்பங்கள் ஓரறையில் வாழ்ந்தன. பத்தாண்டு கழிந்தும் அது 37.1 தான்.

மனம் விரிந்தால் வீடும் விரியும் என்று ஆறுதல் கூறுவாருண்டு. அது பாதி உண்மையே. ஸுப்ஹுக்கு முன்னரும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்னரும் பிள்ளைகள் அனுமதி கேட்டே பெற்றோரிடம் வரவேண்டும் எனப் பணிக்கிறது ஸூரத்துந் நூர். பத்து வயதில் பிள்ளைகளின் படுக்கையைப் பிரிக்கச் சொன்னார்கள் நபிகள் நாயகம் (ஸல்). அனுமதி கேட்க ஒரு கதவு வேண்டாமா? படுக்கையைப் பிரிக்க இடம் வேண்டாமா?

ஆகவே, நாணம் குறைந்ததென்று ஏழையைக் கடிந்துகொள்ளுமுன், பூட்டிக் கிடக்கும் நம் அறைகளை எண்ணிப் பார்ப்போம். அவற்றில் ஒன்றைக் குறைந்த வாடகைக்கு விடுவதும், இல்லாதார் வீட்டில் ஒரு தடுப்புச் சுவர் எழுப்பித் தருவதும் ஸதகாவே. கதவைக் கொடாமல் கதவின் ஒழுக்கத்தை மட்டும் போதிப்பது நமக்கு அழகன்று.