கைமாற்றும் நட்பும்

வட்டியின்றி, பத்திரமின்றி, நம்பிக்கையின் பேரில் வாங்கும் சிறு தொகையைக் கைமாற்று என்கிறோம். அம்பத்தூரில் 1964ஆம் ஆண்டு தொழிற்பேட்டை அமைந்த பின்னர், வேலையின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி பகுதிகளில் குடியேறியோர் பலர். உற்றார் அருகில் இல்லாத இடத்தில், வீட்டு முன்பணத்திற்கும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கும் கைகொடுப்பது நண்பரின் கைமாற்றே.

வாங்கிய நண்பர் திருப்பித் தராவிடில் செய்வது யாது? கேட்டால் நட்பு முறியும் என்றஞ்சிப் பலர் வாய் திறப்பதில்லை. ஆயினும் திருமண வீட்டில் அவரைக் கண்டால் முகம் திருப்புகின்றனர், அவர் புது வண்டி வாங்கினால் மனத்துள் கணக்கிடுகின்றனர், மூன்றாமவரிடம் புறங்கூறுகின்றனர். இத்தகைய மௌனம் நட்பைக் காப்பதில்லை.

தவணை குறிக்காத கைமாற்றுக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்கிட வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அதன்பின் நீதிமன்றத்தின் கதவு மூடப்படுகிறதேயன்றிக் கடன் அழிவதில்லை. காலங்கடந்த கடனைத் தருவதாக ஒருவர் எழுதிக் கையொப்பமிட்டால், அது செல்லும் என 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது.

அறநூலின் நோக்கு இன்னும் நுட்பமானது. நம்பி ஒப்படைத்த பொருளை அபகரிக்கும் நியாசாபகாரத்தைத் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயம் வாய்மை விரதத்தின் குற்றங்களுள் வைத்துள்ளது. கைமாற்று அடைக்கலப் பொருளன்று; எனினும் அதற்கும் பிணை வாங்கியவரின் சொல்லே. ஆகவே அதனைக் கேட்பது பேராசையாகாது; நண்பரின் சொல்லை அவருக்கு நினைவூட்டுவதேயாகும்.

எனவே, பிறர் அறியாவண்ணம் தனிமையில் தெளிவாகக் கேட்போம். ஒருங்கே தர இயலாதவரிடம் சிறுகச் சிறுகப் பெறுவோம். அதற்கும் வழியற்றவராயின், "இனி இதனைக் கடனாக எண்ண வேண்டா" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவோம். மனத்துள் மட்டும் மன்னித்தால், அஃதறியாத அவர் நம்மைக் கண்டு ஒதுங்கிக்கொண்டே இருப்பார். வசதியிருந்தும் தராதவருக்கு மறுமுறை கொடுக்க வேண்டியதில்லை. சினமின்றி மறுப்பதும் பொறுமையே.

இழக்க நேரினும் பகை தோன்றாத அளவே கொடுப்பதும், கொடுக்கும்போதே கடனா உதவியா எனத் தெளிவுறச் சொல்வதும் இல்லறத்தார்க்கு நலம் பயக்கும். கைமாற்று வாங்கும் நாள் நமக்கும் வரக்கூடும். அன்று நாம் சொல்லும் சொல்லையும் காப்போமாக.