சொன்னது யார்?

பட்டணத்தில் வாழும் நமக்குக் கிராமத்தைப் பற்றி ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. அங்கே இருப்பவர்களுக்கு விவரம் போதாது. விவரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள் என்பதே அது. நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்கு என் சித்தப்பா பத்து மா நிலத்து விளைச்சலை விலையாகக் கொடுத்தார். அந்தக் கதையைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

2021-ஆம் வருஷம், பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு நடந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சித்தப்பாவின் சம்பாப் பயிர் அறுவடைக்கு நின்றது. அறுவடை மிஷின் பக்கத்து வயலுக்கே வந்துவிட்டது.

“கதிர் அடியில கொஞ்சம் பச்சை இருக்கு தம்பி. ஒரு வாரம் விட்டா எடை ஏறும். மழை கிழை உண்டுன்னு ஏதாவது போட்டிருக்கானா?” என்று போனில் கேட்டார்.

அன்று காலையில்தான் என் செல்போனுக்கு ஒரு செய்தி வந்திருந்தது. டெல்டாவில் இன்னும் பத்து நாளைக்கு மழை இல்லை என்று யாரோ எழுதி, யாரோ யாருக்கோ அனுப்பி, கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்த செய்தி.

“தாராளமா விடுங்க சித்தப்பா. மழையே இல்லை” என்றேன்.

மிஷின் வேறு ஊருக்குப் போயிற்று. மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அந்த ஜனவரியில் பருவம் தப்பிப் பெய்த மழை டெல்டாவை என்ன பாடு படுத்தியது என்பது பலருக்கும் நினைவிருக்கும். சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து வயலிலேயே முளைவிட்டது.

அதற்குப் பிறகுதான் அந்தச் செய்தியை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். அதில் தேதி இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை. எந்த வருஷத்து வானத்தைப் பற்றி எழுதியதோ, யார் கண்டது?

ஊருக்குப் போனேன். சித்தப்பா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வரப்பில் நின்றுகொண்டு, “நடவுக்கு வருமே ஒரு கெழவி, அது சொல்லிச்சு, ஈரக்காத்து அடிக்குது, அறுத்துடுங்கன்னு. நீ சொன்னியேன்னு விட்டேன்” என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

யோசித்துப் பார்த்தால், அவர் அந்தச் செய்தியை நம்பவில்லை; என்னைத்தான் நம்பினார். அநாமதேயமாக வந்த ஒன்றுக்கு நான் என் பெயரைக் கொடுத்து அனுப்பிவைத்தேன். என் வாய் வழியாகப் போனதால் அதற்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

யார் வாயிலிருந்து வந்தாலும் சொன்னவரைப் பாராமல் சொன்னதன் உண்மையைப் பார்ப்பதே அறிவு என்பது வள்ளுவர் காட்டிய வழி. கிராமத்திலோ முதல் கேள்வியே “யார் சொன்னா?” என்பதுதான். படித்தவர்களாகிய நாம் இதைக் கேட்டுச் சிரிக்கிறோம். ஆனால் சிரிக்கும் உரிமை நமக்கு உண்டா? உண்மையைத் தானே சோதித்துப் பார்ப்பதற்கு அவகாசமும் வசதியும் வேண்டும். வங்காள விரிகுடாவில் உருவாகும் காற்றைச் சித்தப்பா எப்படிச் சோதிப்பார்? நான் படித்த செய்தி தவறானால், நான் அடுத்த செய்தியைப் படிக்கப் போய்விடுவேன். அவருக்கோ ஒரு போகம் போய்விடுகிறது. செய்தியைச் சோதிக்க முடியாதவர் செய்தி கொண்டுவந்த ஆளைச் சோதிக்கிறார். இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

படிப்பறியாத தேசத்து வழக்கம் என்றும் இதைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்து விவசாயிகளிடையே புதிய வீரிய மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று ரயன், கிராஸ் என்ற இரண்டு அறிஞர்கள் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். விதையைப் பற்றிப் பலருக்கும் முதலில் சொன்னவர் விற்பனைக்காரர். ஆனால் விதைக்கலாம் என்ற துணிவைத் தந்தவர் பக்கத்துப் பண்ணைக்காரர். ஏன்? விற்பனைக்காரர் விற்றுவிட்டுப் போய்விடுவார். பக்கத்துப் பண்ணைக்காரர் மறுநாளும் முகத்தில் விழித்தாக வேண்டும்.

நம் தஞ்சாவூர்ப் பக்கத்திலும் ஒரு கதை உண்டு. ஜப்பானிய நெல்லையும் நம் நெல்லையும் கலந்து ஆடுதுறையில் உருவாக்கிய ஏ.டி.டி. 27 என்ற நெல் 1960களில் குறுவைக்குப் பரவியபோது, ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. திருச்சி வானொலி மூலம் கேட்டு அறிந்த நெல் அது. விதைக்கே சொன்னவர் பெயரைச் சூட்டிவிட்டார்கள்! விளைந்தால் புகழ் அந்தப் பெயருக்கு. பொய்த்தாலும் வசவு அந்தப் பெயருக்குத்தான்.

சொன்னது யார் என்று தெரிவதால் உயிரே பிழைத்ததும் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை ஏற்படுத்தியது. மீனவ ஊர்களில் அலையின் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொல்லிவந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று காலை, சிங்கப்பூரில் வேலை பார்த்த நல்லவாடு ஊர்ப் பிள்ளை ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்கள் உயிர் தப்பினார்கள். சொன்னவர் ஊரின் பிள்ளை. ஒலித்தது அவர்கள் பழகிய குழாய். அதனால்தான் யாரும் நின்று விவாதிக்கவில்லை, ஓடினார்கள்.

இத்தனை சொன்ன பிறகும் அந்தக் கிழவியை என்னால் மறக்க முடியவில்லை. அவள் வார்த்தை பலித்ததால் அவளைப் பெரிய ஞானி ஆக்க நான் வரவில்லை. அவள் சொன்னதும் தவறிப் போயிருக்கலாம். ஆனால் அவள் வார்த்தையை யாரும் எடை போட்டுக்கூடப் பார்க்கவில்லையே! வயலில் நின்று காற்றை முகத்தில் வாங்கியவள் அவள். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான். பொறுப்பைப் பார்த்து நம்புவதுதான் கிராமத்து வழக்கம் என்றால், அன்று அவளை அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

ஆகவே “சொன்னது யார்?” என்ற கேள்விக்கு இரண்டு அர்த்தங்கள் இருக்கின்றன. தவறினால் பதில் சொல்ல யார் நிற்கிறார் என்பது ஒன்று. சொன்னவர் எந்தத் தெரு, என்ன படிப்பு, ஆணா பெண்ணா என்பது மற்றொன்று. முதலாவது விவேகம், இரண்டாவது அநீதி. வள்ளுவர் விலக்கச் சொன்னது இந்த இரண்டாவதைத்தான் என்று எனக்குப் படுகிறது. அந்தப் புதுச்சேரி மையங்களை அமைத்தவர்களும் இதை உணர்ந்திருக்க வேண்டும். ஏம்பலத்தில் மையம் ஒரு கோயில் கட்டடத்திலேயே இருந்தது. எந்த ஜாதியாரும், எந்த நாளிலும் பெண்களும், தடையின்றி அதற்குள் வரலாம் என்று வைத்தார்கள். விவரம் ஊருக்குள் வந்தால் மட்டும் போதாது. ஊரில் எல்லாருடைய வாய்க்கும் காதுக்கும் அது பொதுவாக வேண்டும்.

மறு வருஷம் தை பிறப்பதற்கு முன் சித்தப்பாவின் போன் வந்தது. “என்ன தம்பி, மழை எப்படிச் சொல்றான்?”

மறுபடியும் என்னிடமே கேட்கிறாரே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வானிலை நிலையத்தின் அன்றைய அறிக்கையை எடுத்து, யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது, எத்தனை நாளைக்குச் சொன்னது என்று படித்துக் காட்டினேன். “அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது சித்தப்பா. அந்தக் கெழவியையும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க” என்றேன்.

“இப்படிச் சொல்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்றார்.