விளம்பர இயந்திரமும் மனிதப் பொறுப்பும்

விளம்பரம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. பட்டினப்பாலை காட்டும் புகார் நகரத்து வீதிகளில் கள் விற்ற கடைக்கும் கொடி இருந்தது. வாதுக்கு அழைத்த ஆசான்களுக்கும் கொடி இருந்தது. இங்கு இன்னது கிடைக்கும் என்று அக்கொடி சொல்லிற்று. கண்டவன் உள்ளே போகலாம், போகாமலும் விடலாம். கொடி அவன் பின்னால் வீடுவரை வந்ததில்லை.

நம் மலையகமோ நூறாண்டுகளுக்கு மேலாக ஒரு விளம்பரப் படத்தின் உள்ளேயே வாழ்ந்து வருகிறது. 1867இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். 1890இல் லிப்டன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். அதன்பின் மேல்நாட்டு விளம்பரத் தாள்களில் கூடை சுமந்த தமிழ்ப் பெண் சிரித்தவண்ணம் நிற்கலானாள். கலைநயத்திற்காக இன்றளவும் போற்றப்படும் 'சோங் ஒப் சிலோன்' என்னும் 1934ஆம் ஆண்டுத் திரைப்படமும் இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபைக்காக எடுக்கப்பட்டதே. கொழுந்துக் கூடையைக் காட்டிய கலைஞர்கள் லயன் அறையைக் காட்டவில்லை. அது பாதி உண்மை. ஆகவே முழுப் பொய். ஆனால் அந்தப் பொய்யை வரைந்த கை ஒன்று இருந்தது. அச்சிட்ட கூடம் ஒன்று இருந்தது. பணம் கொடுத்த முதலாளி ஒருவர் இருந்தார். யாரைக் கேட்பது என்று நாம் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

இன்று மாறியிருப்பது இந்த இடந்தான். கணினியும் கைத்தொலைபேசியும் வந்ததால் படம் வரைவது இலகுவாயிற்று, தூரிகை பிடித்துப் பெயர்ப்பலகை எழுதியவர் பிழைப்பு இழந்தார் என்பனவற்றையே பலரும் பேசுகின்றனர். அவையும் மெய்யே. ஆயினும் மாற்றத்தின் கரு வேறிடத்தில் உள்ளது. முன்பு விளம்பரம் வரைந்தவன், மக்கள் மனத்தை ஊகித்து ஒரு படத்தை வரைந்தான். இப்போது ஒரே விளம்பரம் பல வடிவங்களில் ஒரே வேளையில் மக்கள் முன் விடப்படுகிறது. எதனை அதிகம் பேர் தொட்டார்கள், எதன்மேல் கண் அதிக நேரம் நின்றது என்று இயந்திரம் எண்ணுகிறது; வென்றதை வைத்துக்கொண்டு தோற்றதைத் தள்ளுகிறது. நல்லது எது, அழகு எது, உண்மை எது என்று அங்கு எவரும் தீர்மானிப்பதில்லை. தாளின்மேல் எழுத்தையும் நிறத்தையும் ஒழுங்குபடுத்துவதே வடிவமைப்பு என்றிருந்தோம். இன்று வடிவமைக்கப்படுவது பார்ப்பவனுடைய நடத்தை.

இந்த எண்ணல் விளம்பரத்தோடு நின்றிருந்தால் சவர்க்கார வியாபாரிகளின் சண்டை என்று விட்டுவிடலாம். ஆனால் முகநூல் போன்ற கம்பனிகளின் வருவாய் முழுவதும் ஏறத்தாழ விளம்பரமே. 2018இல் அக்கம்பனி ஈட்டிய சுமார் 5,580 கோடி டொலரில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு விளம்பரத்தால் வந்தது. விளம்பரத்தைக் காட்ட வேண்டுமெனில் மனிதர் திரையின் முன் இருக்க வேண்டும். ஆகவே அண்டை வீட்டாரின் திருமணச் செய்தியும், அரசியல்வாதியின் பேச்சும், வதந்தியும் அதே தராசில் நிறுக்கப்பட்டன. 2017 முதல், ஒருவர் வெறுமனே விருப்பம் தெரிவித்ததைக் காட்டிலும் சினமுகக் குறியிட்டதற்கு ஐந்து மடங்கு நிறை தரப்பட்டது என்பதை, 2021இல் வெளிவந்த அக்கம்பனியின் உள் ஆவணங்கள் காட்டின. 2018 ஜனவரியில் செய்த மாற்றத்தால், மறுமொழியையும் மறுபகிர்வையும் அதிகம் தூண்டும் பதிவுகள் முன்னே கொண்டுவரப்பட்டன. கோபமூட்டுவதே நல்ல சரக்கு என்று இயந்திரம் கண்டுகொண்டது.

அந்த ஜனவரிக்கு இரண்டு மாதத்தின் பின் திகன எரிந்தது.

நடந்ததை வாசகர் மறந்திருக்க மாட்டார். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் கறியில் மலட்டு மாத்திரை இருந்ததாகக் கதை கட்டப்பட்டது. அது மாவுக்கட்டியே என்று அரசாங்கப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்குள் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. தெல்தெனியவில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் உயிரிழந்தார். பொலிஸும் நீதிமன்றமும் கவனிக்க வேண்டிய அக்குற்றம், ஒரு சமூகம் முழுவதன் குற்றமாகத் திரைகளில் உருமாறிற்று. தீவிரக் குழுவொன்றின் தலைவன் திகனக் கடைத்தெருவில் நடந்தபடியே, சிங்களவர் கடை இருபதுகூட இங்கில்லை என்று முறையிட்ட காணொளி நாடெங்கும் பரவியது. கடைப் பெயர்ப்பலகைகளே குற்றப்பத்திரிகையாயின. திகனவில் எரிந்த வீட்டுக்குள் அகப்பட்டு ஒரு முஸ்லிம் இளைஞர் மாண்டார். மெனிக்கின்ன, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை என்று நெருப்பு பரவ, மார்ச் 6இல் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. மறுநாள் அரசாங்கம் முகநூலையும் அதன் இனங்களையும் முடக்கி, ஒரு வாரத்தின் பின்னரே திறந்துவிட்டது.

சிங்களத்தில் எழுதப்பட்ட கொலை அழைப்புகளைக் குறித்து இங்குள்ள குடிமக்கள் அமைப்புகள் ஏற்கெனவே அக்கம்பனிக்கு முறையிட்டிருந்தன. சிங்களம் வாசிக்கத் தெரிந்த கண்காணிப்பாளர் அங்கு மிகச் சிலர். சிங்களவனுக்கும் தமிழனுக்கும் விளம்பரம் விற்க மொழி தடையாக இருக்கவில்லை. அவன் எழுதியதை வாசிக்க மட்டும் மொழி தடையாயிற்று!

இங்கே ஒரு வாதம் எழும். வெறுப்பை இயந்திரமா உண்டாக்கியது? 1915 மே மாதம் கண்டியில் முஸ்லிம்களுக்கெதிராகத் தொடங்கிய கலவரத்தின்போது கைத்தொலைபேசி ஏது? 1958இலும் 1983இலும் தமிழர் வீடுகளை எரித்தவர் எந்தத் திரையைப் பார்த்து எரித்தனர்? கண்ணாடியில் முகம் கோணலாகத் தெரிந்தால் கண்ணாடியை உடைப்பதா?

வலுவான வாதமே, நம் பேரினவாத அரசியலின் பழியை அமெரிக்கக் கம்பனி ஒன்றின் தலையில் முழுதும் இறக்கிவைத்துவிட்டு நாம் கைகழுவிக்கொள்ள முடியாது. திகனவில் தீ வைத்தவை மனிதக் கைகள்; அவற்றைத் தடுக்காமல் பார்த்துநின்ற அதிகாரமும் உண்டு. ஆனால் கண்ணாடி உவமை பொருந்தாது. கண்ணாடி எல்லா முகங்களையும் ஒருபடித்தாகக் காட்டும். ஆயிரம் முகங்களுள் சினந்த முகத்தைத் தேடியெடுத்து, பெரிதாக்கி, முன்வரிசையில் நிறுத்துவதைக் கண்ணாடி என்று எப்படிச் சொல்வது? 1915இல் வெறுப்பை ஊதிய ஏடுகளும் இருந்தன. அநகாரிக தர்மபாலரின் 'சிங்கள பௌத்தயா' அவ்வாண்டு தடைசெய்யப்பட்டது. தடை நியாயமா என்பது வேறு கேள்வி. அந்த ஏட்டுக்கு ஆசிரியர் இருந்தார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

நாம் கருதவில்லை, கணக்கு அப்படி வந்துவிட்டது என்பார்கள் வடிவமைத்தவர்கள். கருதாமல் செய்த தீங்குக்குப் பொறுப்பு உண்டா என்பதே நம் முன்னுள்ள அறக்கேள்வி. தமிழ் படித்தவர்க்கு இது புதிதன்று. பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனைக் கொல்லக் கருதியவனல்லன்; கள்வன் என்று பொற்கொல்லன் சொன்னதை ஆராயாது ஏற்றான், அவ்வளவே. பொய்யைப் பிறப்பித்தவன் பொற்கொல்லன். அதற்கு அரச ஆணையின் விரைவையும் வலிமையையும் கொடுத்தவன் பாண்டியன். காற்சிலம்பு உடைந்தபோது, பொற்கொல்லன் சொன்னதை நான் கடத்தினேன், நான் வெறும் வழியே, என்று அவன் வாதிடவில்லை. தானே கள்வன் என்றுணர்ந்து அரியணையிலேயே வீழ்ந்தான். சொல்லுக்கு வலிமை கொடுப்பவன், அச்சொல்லை ஆராயும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறான் என்று நாம் இதிலிருந்து கொள்கிறோம். வலிமை கூடக்கூட அக்கடமையும் கூடும். ஊதியம் பெற்று வலிமை கொடுப்பவனுக்கு இன்னும் கூடும்.

கம்பனி ஒருவகையில் இதை ஒப்புக்கொண்டுவிட்டது. 2020 மே மாதத்தில், தான் கேட்டு நடத்துவித்த மனித உரிமை ஆய்வை வெளியிட்டு, இலங்கையில் தன் தளத்தால் விளைந்த பாதிப்புக்கு மன்னிப்புக் கோரியது. மன்னிப்பைவிட நமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. அதே ஆண்டு செப்டம்பரில் சினமுகக் குறியின் நிறை பூச்சியமாக்கப்பட்டது. ஓர் எண்ணை மாற்றினார்கள், அவ்வளவுதான். இயற்கையின் விதிபோல், தடுக்கவொண்ணாத வெள்ளம்போல் காட்டப்பட்டது, ஒருவர் மேசையிலிருந்து மாற்றத்தக்க எண்ணாகவே என்றும் இருந்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துள்ளது. 2023 முதல் விளம்பரத்தின் படத்தையும் வாசகத்தையும் இயந்திரமே ஆக்கித்தரும் வசதியை அதே கம்பனி வியாபாரிகளுக்கு அளித்து வருகிறது. எண்ணிய இயந்திரம் இனி வரையவும் செய்யும். எங்கள் வகுப்பு மாணவர் இல்லவிளையாட்டுப் போட்டிக்கான சுவரொட்டியைக் கைத்தொலைபேசியில் இரண்டு நிமிடத்தில் ஆக்கிக் காட்டுகின்றனர். இதை நாம் பழிக்கவில்லை. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் கிடைத்த கருவி தோட்டத்துப் பிள்ளைக்கும் கிடைப்பது நல்லதே. சுவரொட்டியின் கீழ் ஆக்கியோன் பெயர் இடும்படி கேட்டோம். யார் பெயரை இடுவது, ஐயா? என்று ஒரு மாணவி கேட்டாள். கேலியாக அன்று, உண்மையாகவே.

நாடு கண்ட மருந்தோ வேறு. 2018 வன்முறையின்பின் கையாளப்பட்ட, வெறுப்புப் பேச்சுக்கெதிரான அதே சட்டத்தின்கீழ், 2019 ஏப்ரலில் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகச் சிறை சென்றார்; நான்கு மாதங்களின் பின்னரே பிணை கிடைத்தது. 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது. அதன் பார்வையும் பெரும்பாலும் எழுதியவன் மீதும் எழுதப்பட்டதன் மீதுமே. எழுதுகிறவன் கை கண்ணுக்குத் தெரிகிறது, பிடிப்பது எளிது. எந்தச் சொல்லுக்கு எத்தனை நிறை என்று எழுதிவைத்திருக்கும் கணக்கேட்டைக் கொண்டுவந்து காட்டு என்று கேட்கும் சட்டமே நமக்கு வேண்டும்.