பயன் கருதாத பார்வை

இயற்கையின் அழகை விரும்புவது நல்ல உள்ளத்தின் அடையாளமா? மேலைத் தத்துவ உலகில் இக்கேள்வியை மிகுந்த கவனத்துடன் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஜெர்மானிய அறிஞரான இம்மானுவேல் கான்ட் (1724–1804). 1790-ஆம் ஆண்டு வெளிவந்த, தீர்ப்புத்திறனை ஆராயும் தமது நூலில் அவர் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். கலைப்பொருட்களில் ஈடுபாடு கொண்டவரெல்லாம் ஒழுக்கத்தில் உயர்ந்தவர் என்று சொல்வதற்கில்லை. அவர்களிடம் தற்பெருமையும் பிடிவாதமும் மிகுந்திருப்பதைக் காண்கிறோம். ஆனால் ஒரு காட்டு மலரையோ பறவையையோ, அதனால் தமக்கு லாபம் ஏதுமில்லாதபோதும், ஏன், சிறிது நஷ்டமே நேர்ந்தாலும், அது இவ்வுலகில் இருக்கிறது என்பதற்காகவே ஒருவர் விரும்புவாரானால், அது நல்ல உள்ளத்தின் அறிகுறி என்கிறார்.

இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க மாசி, பங்குனி மாதங்களில் சத்தியவேட்டுப் பகுதியைவிடப் பொருத்தமான இடம் வேண்டியதில்லை. 2022 வரை சித்தூர் மாவட்டத்திலும், அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் அடங்கிய இவ்வூர், தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் எல்லைப்புறம். ஒரு பக்கம் நாகலாபுரம் மலைகள். மற்றொரு பக்கம், சற்றுத் தொலைவில், பழவேற்காடு ஏரி. பின்பனிக்காலத்தில் விடியற்பொழுதின் பனி புல்நுனியில் நிற்கும். ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் உறைக்கத் தொடங்கிவிடும். இலையுதிர்த்த புங்கமரம் சில நாட்களுக்குள் இளந்தளிரால் மூடிக்கொள்கிறது. வேம்பு பூக்கிறது, அப்பூவே யுகாதிப் பச்சடியில் கசப்புச் சுவையாகச் சேர்கிறது. மாதக்கணக்கில் வாய் திறவாதிருந்த குயில் கூவத் தொடங்குகிறது. நம் வசந்தம் மிகக் குறுகியது. பாராமல் இருந்தால் போயே போய்விடும்.

நம் முன்னோர் பார்த்திருக்கிறார்கள். நாகலாபுரத்தில் கிருஷ்ணதேவராயர் தம் தாயாரின் பெயரால் அமைத்த ஊரில் வேதநாராயணப் பெருமாள் கோயில் உள்ளது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மூன்று மாலைகளில், மறையும் கதிரவனின் ஒளி முதல் நாள் பெருமாளின் திருவடியிலும், அடுத்த நாள் திருநாபியிலும், மூன்றாம் நாள் திருமுடியிலும் படுகிறது. பகலும் இரவும் சமமாகும் நாளையொட்டிக் கதிரவனின் நிலை நாள்தோறும் நகர்வதைப் பொறுமையாகக் கண்டறிந்த பின்னரே இத்தகைய அமைப்பைக் கல்லில் வகுத்திருக்க முடியும்.

இன்று அதிகாலையில் சாலையோரம் நடப்பவர் பலர். மருத்துவர் சொன்னதால் நடக்கிறார்கள். சர்க்கரை குறைய வேண்டும், இரத்த அழுத்தம் இறங்க வேண்டும். இதில் குறை காண ஒன்றுமில்லை. பலர் கைக்கடிகாரத்தில் பத்தாயிரம் அடிகள் நிறைவதை எதிர்நோக்கி நடக்கிறார்கள். அந்த எண், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பிறந்தது. மருத்துவ ஆராய்ச்சியில் பிறந்ததன்று! வணிகர் சூட்டிய எண்ணை நாம் விரதம்போல் காக்கிறோம்.

கான்ட்டும் உடல்நலத்திற்காகவே நடந்தவர். நாள்தோறும் குறித்த நேரத்தில் தனியே உலாவுவார். பேசினால் வாய்வழியே குளிர்காற்று செல்லும் என்றஞ்சி, நடக்கும்போது துணையைத் தவிர்த்தார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியுள்ளனர். ஆகவே நடப்பதற்குப் பயன் இருப்பது பார்ப்பதற்குத் தடையாகாது. கால் ஒரு காரியத்தைச் செய்யட்டும்; அதே வேளையில் கண் எதையும் வேண்டாமல் இருக்க முடியும்.

மொழிபெயர்ப்புப் பணியில் இவ்விடத்தில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கான்ட் குறிப்பிடும் மனநிலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லை, 'சுயநலமில்லாத' என்றும் 'அக்கறையில்லாத' என்றும் இரு பொருளிலும் மக்கள் கையாள்கின்றனர். தமிழில் 'பற்று' வேறு, 'அக்கறை' வேறு. பற்றில்லாமல் அக்கறை கொள்வது இயலும் என்பதை நம் மொழி எளிதாகவே ஏற்றுக்கொள்கிறது.

எனினும் ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். பயன் கருதாத பார்வை என்பது வயிறு நிறைந்தவரின் ஆடம்பரம் அல்லவா? இப்பகுதியில் வாழும் யானாதி மக்கள் காட்டையும் வயல்வெளியையும் அறிந்தது பிழைப்பிற்காகவே. வயல் எலியின் வளையை அவர்கள் இனம்காண்பது பசியின் கல்வி. சூளூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும் ஏரியின் நீர், பறவைகளின் எச்சத்தால் உரமேறி வயலுக்குப் பாய்கிறது. அதனால் ஊரார் அவற்றைப் போற்றுகின்றனர். இவர்களைக் கான்ட்டின் அளவுகோல் விலக்கிவிடுமானால் குறை அளவுகோலில்தான் இருக்கிறது என்பேன்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சுமே என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை. அவர்களுக்கும் பறவைகளால் நன்மை இருக்கலாம். ஆனால் பட்டாசைக் கைவிடும் சிறுவனுக்கு அந்த மாலையில் என்ன லாபம்? 'சிறிது நஷ்டமே நேர்ந்தாலும்' என்று கான்ட் போகிற போக்கில் சொன்ன சொற்கள்தாம் அவருடைய வாதத்தின் உயிர்நாடி என்று எனக்குத் தோன்றுகிறது. பயன் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, எதை விட்டுக்கொடுக்க முன்வருகிறோம் என்பதே உள்ளத்தைத் தெளிவாகக் காட்டும்.

அதே நூலில் கான்ட் ஒரு விடுதிக்காரரைப் பற்றிக் கூறுகிறார். விருந்தினரை மகிழ்விக்க, இராப்பாடியைப்போல் நாணற்குழலில் ஊதத் தெரிந்த ஒரு சிறுவனைப் புதருக்குள் ஒளித்து வைக்கிறார் அவர். ஒலி அதேதான், ஆனால் ஏமாற்று என்று தெரிந்த கணமே ஒருவராலும் அதைப் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

இன்று அந்தச் சிறுவன் நம் கைப்பேசிக்குள் இருக்கிறான். ஏமாறுவதோ பறவை. வார இறுதிகளில் சென்னையிலிருந்து நாகலாபுரம் மலைகளுக்கும் உப்பலமடுகு அருவிக்கும் வருபவர்களுள் ஒருவர், புகைப்படத்திற்காகக் குண்டுக்கரிச்சானின் பதிவு செய்த பாடலை ஒலிக்கச் செய்வதாகக் கொள்வோம். பனி விலகும் இந்நாட்களில் ஆண் கரிச்சான் தன் எல்லையைப் பாடிக் காக்கிறது. எதிரி வந்துவிட்டதாக எண்ணி அது இரை தேடுவதை விட்டுவிட்டுக் கிளைக்குக் கிளை தாவித் தேடுகிறது. இல்லாத எதிரியோடு அது போராடுவதை 'அருமையாக வந்து அமர்ந்தது' என்று மகிழ்வதை அழகுணர்ச்சி என்று எப்படிச் சொல்வது? அங்கே விரும்பப்பட்டது பறவையா, படமா?

பழவேற்காட்டு ஏரியிலும் இதே நிலைதான். பூநாரைகளைக் காண மக்கள் கூடுகின்றனர். சூளூர்ப்பேட்டையில் 2001 முதல் இதற்கென விழாவே எடுத்து வருகிறார்கள். பனிக்காலத்தின் முடிவில் நீர் வற்றிச் சேறு வெளிப்படுகையில், இன்னும் நெருங்கிப் பார்க்கலாம் என்று சிலர் இறங்கி நடக்கிறார்கள். கூட்டம் எழுந்து பறக்கும்போது செந்நிறச் சிறகுகள் விரியும் காட்சி அழகானதே. ஆனால் அதே சேற்றில் மேயும் உள்ளான்கள் போன்ற வலசைப் பறவைகளுக்கு, வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்க உடலில் கொழுப்பைச் சேர்க்கும் வாரங்கள் இவை. எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் சேமிப்பிலிருந்து சிறிது செலவாகிறது. மேயும் நேரமும் கழிகிறது.

ஏரியின் குறுக்கே சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலையில் நின்றபடியே, ஒரு சாதாரண இருநோக்கியைக் கொண்டு, பூநாரை தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றுநீரை வடிப்பதை நன்றாகப் பார்க்கலாம். காலை ஏழு மணிக்கு வெளிச்சம் முதுகுப்புறமிருந்து வருமாறு நின்றால், கண்ணும் கூசாது.