போரும் திரையும்: பொய்யாமை எது?

போர்ப்படம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கொட்டகையை விட்டு வெளியே வருவோர், "போரையே நேரில் பார்த்தது போல் இருந்தது" என்று வியந்துரைப்பது வழக்கம். ஒன்றைப் போல் இருக்கின்றது என்று சொல்ல வேண்டுமாயின், அதனை முன்பே கண்டிருத்தல் வேண்டும் அன்றோ? புலியைக் கண்டறியாதவன் புலியின் ஓவியத்தை அழகியது எனலாம். ஒத்தது எனல் இயலாது. போர்ப்படம் ஒத்ததா ஒவ்வாததா என்று தீர்ப்புரைக்கும் தகுதி, களம் புகுந்து மீண்ட வீரர்க்கே உரியது. ஆயின் அவர்கள் பல காலங்களிற் கூறியவற்றைத் தொகுத்து நோக்கும்போது ஒரு வியப்புத் தோன்றுகின்றது. ஒரே படத்தை ஒரு வீரர் மெய்யென்கின்றார், மற்றொருவர் பொய்யென்கின்றார், வேறொருவர் பாதியைக் கொண்டு பாதியைத் தள்ளுகின்றார். மூவரும் அறிந்தே பேசுகின்றனர். எனின், அவர்கள் கையிலுள்ள அளவுகோல் ஒன்றன்று என்பதே பொருள்.

அந்த அளவுகோல்களைப் பிரித்துணரத் தமிழ் நமக்குத் துணை செய்கின்றது. உள்ளத்தைப் பற்றியது உண்மை. வாயைப் பற்றியது வாய்மை. மெய்யாகிய உடம்பைப் பற்றியது மெய்ம்மை என்று நம் சான்றோர் விளக்குவர். இம்மூன்றினையும் கொண்டு போர்ப்படங்களை அளந்து பார்ப்போம்.

மெய்ம்மை

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. அமெரிக்கர் இறங்கிய ஓமாஹா கடற்கரையில் நேர்ந்த உயிரிழப்பு மிகப் பெரிது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1998-இல் அளித்த 'சேவிங் பிரைவேட் ரையான்' என்னும் படத்தின் தொடக்கப் பகுதி, இருபது நிமிடங்களுக்கு மேலாக அந்நிகழ்ச்சியையே காட்டுகின்றது. அயர்லாந்து நாட்டுக் கடற்கரை ஒன்றில் அக்காட்சிகள் எடுக்கப்பட்டன. உறுப்பிழந்த வீரர்களாக, உண்மையிலேயே உறுப்பிழந்தவர்களை நடிக்கச் செய்தனர். படம் வெளிவந்தபோது, அதனைக் கண்டு மனங்கலங்கிய முதிய வீரர்கள் தொலைபேசி வழியே பேசி ஆறுதல் பெறுவதற்கு, அமெரிக்க அரசின் முன்னாள் படைவீரர் துறை தனி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. நிகழ்ச்சி நடந்து ஐம்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அறிவு மறந்திருக்கலாம், உடம்பு மறக்கவில்லை.

இதுவே மெய்ம்மையின் சான்று. ஆயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அதே ஓமாஹா கடற்கரையில் காலாட்படை வீரராக இறங்கியவர் சாமுவேல் ஃபுல்லர். பிற்காலத்தில் இயக்குநராகித் தம் படைப்பிரிவின் வரலாற்றை 'தி பிக் ரெட் ஒன்' என்னும் பெயரில் 1980-இல் படமாக்கினார். போர் இன்னதென்று பார்வையாளருக்கு உணர்த்த வேண்டுமாயின், திரையின் இருமருங்கிலிருந்தும் அவ்வப்போது அவர்களை நோக்கிச் சுடுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இது வேடிக்கைப் பேச்சாகத் தோன்றினும் ஆழ்ந்த பொருளுடையது. குருதியைக் காட்டலாம், ஓசையைக் கேட்பிக்கலாம், அடுத்த நொடியில் நாம் இருப்போமா என்னும் ஐயத்தை நாற்காலியில் அமர்ந்திருப்பவனுக்கு எக்கருவியாலும் ஊட்ட முடியாது.

எங்கள் அலுவலகத்தில் நண்பர் ஒருவர் உளர். 1999-இல் கார்கில் மலைகளிற் போரிட்டுப் பின்னர்ப் படையினின்றும் ஓய்வு பெற்று எழுத்தராகச் சேர்ந்தவர். அப்போரை வைத்து எடுக்கப்பட்ட படம் ஒன்றைப் பற்றி ஒருநாள் பேச்செழுந்தது. சீருடை சரியா, துப்பாக்கி சரியா என்று நாங்கள் அடுக்கடுக்காக வினவினோம். அவற்றையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. பதினாறாயிரம் அடி உயரத்தில் ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சிற் சொல்லி முடிக்க முடியாது என்றும், படத்தில் நாயகன் நீண்ட வீரவுரை ஆற்றிக்கொண்டே ஏறுகின்றான் என்றும் மட்டும் கூறிவிட்டுக் கோப்பினைப் புரட்டலானார். நாங்கள் கண்ணால் அளந்தோம். அவர் நுரையீரலால் அளந்தார்.

வாய்மை

உடம்பு ஒப்புக்கொண்ட படத்தையும் வீரர் மறுப்பதுண்டு. பால் ஃபஸல் என்பார் அமெரிக்கத் தரைப்படை அதிகாரியாகப் போரிட்டு 1945-இல் பிரான்சிற் காயமுற்றவர். பின்னர்ப் பேராசிரியராகிப் போரும் இலக்கியமும் பற்றிப் புகழ்பெற்ற நூல்கள் எழுதியவர். மேற்கூறிய ஸ்பீல்பெர்க் படத்தின் கடற்கரைப் பகுதியை அவர் மெச்சினார். அதனைத் தனியே வெட்டியெடுத்துக் குறும்படமாகக் காட்டலாம் என்றார். எஞ்சிய கதையையோ சிறுவர்க்கான வீரதீரக் கதை என்று ஒதுக்கினார். ஒரே படத்தில் மெய்ம்மை இருக்கலாம், வாய்மை இல்லாதிருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 1971 டிசம்பரில் ராஜஸ்தானத்து லோங்கேவாலாவில் நடந்த போரை, ஜே. பி. தத்தா 1997-இல் 'பார்டர்' என்னும் படமாக்கினார். எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த பைரோன் சிங் அப்போரிற் பங்கு கொண்டவர். அவர் பெயர் தாங்கிய பாத்திரம் படத்தில் வீரமரணம் எய்துகின்றது. உண்மையான பைரோன் சிங் ராத்தோர், அப்படம் வெளிவந்து இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரிலேதான் காலமானார். திரையில் இறந்தவரைப் போற்றி நாடே கண்ணீர் விட்டது. அதே காலத்தில் அவரோ தம் ஊரில் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தார். வீரனைப் பெருமைப்படுத்த அவனைக் கொன்றாக வேண்டுமா? உயிரோடு மீண்ட வீரம் நம் கண்ணீருக்குப் போதாதா? இவ்வினாக்களைப் பார்வையாளராகிய நாமே நம்மை நோக்கி எழுப்பிக்கொள்ளல் வேண்டும்.

வாய்மை என்பதற்கு நடந்ததை நடந்தவாறே கூறுதல் என்று வள்ளுவர் இலக்கணம் வகுக்கவில்லை. பிறர்க்குத் தீங்கு பயவாத சொல்லே வாய்மை என்றார். இவ்விலக்கணத்தைப் போர்ப்படத்துக்குப் பொருத்தினால் சிக்கல் பெரிதாகின்றது. துல்லியமான படமும் தீங்கு செய்யலாம் அன்றோ?

1916-இல் பிரிட்டனில் வெளிவந்த 'தி பேட்டில் ஆஃப் தி சோம்' என்னும் ஆவணப்படத்தைக் கோடிக்கணக்கானோர் கண்டனர். வீரர்கள் பதுங்குகுழியினின்றும் ஏறி விழுந்து மடியும் காட்சியே பெரிதும் பேசப்பட்டது. அக்காட்சி போர்முனைக்குப் பின்னால் நடித்து எடுக்கப்பட்டது என்பது ஆய்வாளர் முடிபு. அப்படத்தைப் போர்முனைக்கு அருகிலேயே வீரர்களுக்கும் காட்டினர். அதனைக் கண்ட ரோலண்ட் ஃபீல்டிங் என்னும் அதிகாரி, படத்திற் போர் மௌனமாக நடக்கின்றது, துப்பாக்கிக் குண்டுகளின் கொடுமை அதில் இல்லவே இல்லை என்று தம் மனைவிக்கு எழுதினார். களம் புக இருக்கும் வீரர்க்கு இதனைக் காட்டுதல் தகுமா என்றும் முதலில் ஐயுற்றார். ஆனால் திரும்பும் வழியில், புதிய வீரர் இருவர் தமக்குள் பேசிக்கொண்டது அவர் செவியில் விழுந்தது. எதிர்நோக்க வேண்டியது இன்னதென்று இப்போது தெரிந்துவிட்டது, கற்பனைக்கே விட்டிருந்தால் எதையெதையோ நினைத்திருப்போம் என்றனராம். குறைபட்ட படமே அவர்களுக்கு முழு அறிவாகத் தோன்றியது! அச்சத்தைத் தணித்ததால் அதனை நன்மை என்பதா, அறியாததை அறிந்ததாக எண்ணச் செய்ததால் தீமை என்பதா?

இதற்கு மறுதலையாக நிகழ்ந்ததும் உண்டு. 1991 வளைகுடாப் போரிற் பங்கேற்ற ஆந்தனி ஸ்வாஃபோர்டு, 2003-இல் வெளியிட்ட 'ஜார்ஹெட்' என்னும் நூலில், போருக்குப் புறப்படுமுன் தோழர்களுடன் வியத்நாம் போர்ப்படங்களைக் கண்டதைக் கூறுகின்றார். போரை வெறுக்கச் செய்வதற்கென்று எடுத்த படங்களே அவர்களுக்குப் போர்வெறியை ஊட்டினவாம். எடுத்தவர் நோக்கம் எதுவாயினும், படைவீரனுக்கு அவை போரைப் போற்றும் படங்களே என்கின்றார் அவர். கொடுமையைத் துல்லியமாகக் காட்டினால் மக்கள் கொடுமையை வெறுப்பர் என்னும் நம் நம்பிக்கையை இச்சான்று அசைத்துவிடுகின்றது. துல்லியம் கருவி மட்டுமே. அது அருளையும் வளர்க்கும், ஆசையையும் வளர்க்கும்.

உண்மை

இனி, உள்ளத்தைப் பற்றிய உண்மை. இதனை அளப்பதற்குக் குண்டும் குருதியும் வேண்டியதில்லை. 1946-இல் வில்லியம் வைலர் இயக்கிய 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' என்னும் படத்திற் போர்க்களக் காட்சியே இல்லை. போர் முடிந்து ஊர் திரும்பும் மூவர் கதை அது. அவருள் ஒருவராக நடித்த ஹரால்டு ரஸ்ஸல் தொழில்முறை நடிகர் அல்லர். படைப்பயிற்சியின்போது வெடிவிபத்தில் இரு கைகளையும் இழந்தவர். கைகளுக்கு மாற்றாகப் பொருத்திய இரும்புக் கொக்கிகளோடு, காத்திருந்த பெண்ணின் முன் நிற்கும் வீரனாக அவர் தோன்றினார். அப்படத்துக்காக அவருக்கு இரண்டு ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. போரிற் பெரும்பகுதி காத்திருத்தல். போருக்குப் பின் பெரும்பகுதி வாழ்தல். சுடும் நேரம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சிறுபொழுதே. திரை அச்சிறுபொழுதையே பெரிதாக்குகின்றது. வீரர் உள்ளமோ மற்ற இரண்டினையும் சுமக்கின்றது.

இதுகாறும் கண்டவற்றால் ஒன்று தெளிவாகின்றது. ஒத்திருத்தல் வேறு, பொய்யாதிருத்தல் வேறு. நாம் வியப்பது முன்னதை. வீரர் வேண்டுவது பின்னதை. பொத்தான் மாறியதையும் தொப்பி மாறியதையும் அவர்கள் பொறுப்பர். உடன் நின்றவனின் சாவை அணியாக்குவதையும், தாம் அஞ்சிய இடத்தில் அஞ்சவில்லை என்று காட்டுவதையும் பொறார். ஏனெனில் முதலாவது கலைஞனின் பிழை. இரண்டாவது இறந்தோர்க்குச் செய்யும் துரோகம்.

ஆகவே, போர்ப்படம் எடுப்போர்க்கு மட்டுமன்றிப் பார்ப்போர்க்கும் ஓர் அறம் உண்டு. திரையில் எத்துணைத் துல்லியமாகக் காட்டினும், "போரைப் பார்த்தேன்" என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. "போரைப் பற்றி ஒருவர் சொல்லக் கேட்டேன்" என்பதே நமக்கு அளவான சொல். பார்த்தவன் பேசத் தொடங்குகின்றான். கேட்டவன் மேலும் கேட்கத் தொடங்குகின்றான். நம்மிடையே வாழும் முன்னாள் வீரர் பலர் இன்னும் வாய்திறந்து சொல்லாதவற்றைச் சொல்ல முன்வரும் நாளில், படம் பார்த்த பெருமையால் இடையிற் புகுந்து பேசாதிருக்க நாம் கற்றிருத்தல் வேண்டும்.