அன்னை வழிபாடும் மண்ணின் காயமும்

பெண்மையைத் தெய்வமாக்கி வணங்குதல் எளிது. வாழும் பெண்ணை மதித்து நடத்தல் அரிது. முன்னது இருந்து பின்னது இல்லையெனில், அவ்வழிபாட்டிற்குப் பொருள் உண்டோ?

கோலாலம்பூரில் 1873ஆம் ஆண்டு தம்புசாமிப் பிள்ளை நிறுவிய மகா மாரியம்மன் கோயில் இன்றும் புகழுடன் விளங்குகிறது. அதே அன்னைக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களிலும், லயங்களின் அருகே தொழிலாளர் சிறு கோயில்கள் எழுப்பினர். மாரி என்பது மழை. அம்மை முத்தை இடுபவளும், வேப்பிலையால் அதைக் குளிர்விப்பவளும் அவளே என்பது மக்கள் நம்பிக்கை. காயத்தை அறிந்த தெய்வமாதலின், காயமுற்றோர் அவளைச் சரணடைந்தனர்.

அக்கோயிலில் விளக்கேற்றிய தாயின் நிலை யாது? விடியுமுன் பிரட்டுக்கு நின்று, குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டு, அவள் பால்மரம் வெட்டச் சென்றாள். 1920களின் இறுதியில் சிலாங்கூரில் அரசு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. கூலியில் மட்டுமன்று, மானத்திலும் அவளுக்குக் குறை நேர்ந்தது. 1941ஆம் ஆண்டு ஆர்.எச். நாதன் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, தோட்ட அதிகாரிகள் பெண்களிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கையாயிற்று. அரசு படையை ஏவியது. நாதன் நாடு கடத்தப்பட்டார். எனினும், அக்கோரிக்கையைக் கோயிலுக்கு வெளியே நிகழ்ந்த அன்னை வழிபாடு என்றே கூறலாம்.

பால்மரமும் இவ்வுண்மையை உணர்த்துகிறது. உள்மரத்தைத் தொடாது பட்டையை மெல்லச் சீவினால் காயம் ஆறும், புதுப்பட்டை வளரும், மரம் பல்லாண்டு பால் தரும். கத்தி ஆழப் பாய்ந்தாலோ பட்டை முடிச்சிட்டுக் கெடும். பெறுவதற்கும் ஓர் அளவுண்டு. மண்ணுக்கும் பெண்ணுக்கும் இவ்வறமே பொருந்தும்.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. கோயில் நிலம் பறிபோகுமென அஞ்சும்போது மக்கள் திரள்கின்றனர், அது இயல்பே. ஆனால் அம்மண்ணில் உழைத்து, முதுமையில் குடியிருப்பையும் இழந்து வெளியேறிய தாய்க்காகத் திரண்டோர் எத்துணைப் பேர்? அவளுடைய கண்ணீரைத் துடைக்காத கை, அன்னையின் சிலைக்கு எத்துணைக் குடம் பால் சொரியினும் அது வழிபாடு ஆகாது.