உதடும் தசைதான்

இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கினால் கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் பாடசாலை மைதானங்களில் பேண்ட் சத்தம் கேட்கத் தொடங்கும். டிரம்பெட் பழகும் பிள்ளைகளைக் கவனித்திருக்கிறீர்களா? மேல் சுரம் வராவிட்டால் வாத்தியத்தை உதட்டோடு சேர்த்து அழுத்துவார்கள். சுரம் வரும், உதடு கெடும். டிரம்பெட்டின் ஒலி உதட்டின் அதிர்விலே பிறக்கிறது. அழுத்தினால் இரத்த ஓட்டம் குறையும், உதடு மரத்துப்போகும். டிரம்பெட் மாமேதை லூயி ஆம்ஸ்ட்ரோங்குக்கே 1930களில் உதட்டுக் காயத்தால் சில காலம் வாசிப்பை நிறுத்த நேர்ந்தது. வாயைச் சுற்றியுள்ள தசை கிழியும் பாதிப்புக்கு மருத்துவர்கள் அவருடைய பட்டப்பெயரான 'சாட்ச்மோ'வையே சூட்டினார்கள்.

ஆகவே வாசித்த அளவு நேரம் ஓய்வும் கொடுங்கள். நோன்பு காலத்தில் பகலில் உதடு காய்ந்திருக்கும். நோன்பு திறந்து, தண்ணீர் குடித்து, சற்று ஆறிய பிறகு பத்து நிமிடம் மெதுவாக நீண்ட சுரங்கள் ஊதினாலே போதும். அக்கம்பக்கத்தாருக்காக, சத்தத்தைக் குறைக்கும் மியூட் போட்டுக்கொள்ளலாம்.

உதட்டைப் போலவே வாத்தியத்தையும் கவனிக்க வேண்டும். கடலோர உப்புக்காற்றும் கைவியர்வையும் பித்தளையைக் கறுக்க வைக்கும். வாசித்து முடித்ததும் உள்ளே தங்கிய நீரை வெளியேற்றி, மெல்லிய துணியால் துடையுங்கள். வால்வுக்குத் தேங்காயெண்ணெய் விடவே கூடாது, பிசுபிசுத்து இறுகிவிடும். அதற்கென்றே வால்வு எண்ணெய் இருக்கிறது.

பயிற்றுநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உதடு வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், போட்டி நாளைக்கே என்றாலும், அன்றைக்கு வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.